சிமுலேட்டருக்கான போர்க்கால விமான ஆட்-ஆன்களின் தரத்தையும் மதிப்பையும் எடைபோடுவது எப்படி

கணினியில் விமானம் ஓட்டிப் பார்க்கும் சிமுலேட்டர்களுக்கென, ஆட்-ஆன்களாக, அதாவது தனியே வாங்கிச் சேர்க்கும் தொகுப்புகளாக, விற்கப்படும் இரண்டாம் உலகப் போர்க்கால விமானங்களில் இன்று தெரிவுக்குக் குறைவில்லை. ஸ்பிட்ஃபயரையும் பி-51 மஸ்டாங்கையும் ஒன்றுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் தனித்தனியே உருவாக்கி விற்கின்றன. விற்பனைப் பக்கத்துப் படங்களை மட்டும் பார்த்தால் எதுவும் எதற்கும் இளைத்ததாகத் தெரியாது. ஆனால் படத்தில் தெரியும் அழகு இவற்றில் எளிதாகக் கிடைத்துவிடும் பகுதி. இந்த விமானங்களின் உயிர், அவை விமானியிடம் கேட்கும் கவனத்தில் இருக்கிறது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட குதிரைத்திறன் கொண்ட எஞ்சினையும் மிகப் பெரிய புரொப்பெல்லரையும் சுமந்துகொண்டு, வால் சக்கரத்தில் சாய்ந்து நிற்கும் ஒற்றை இருக்கை விமானத்தை ஓடுபாதையில் நேராக வைத்திருப்பதே தனி வேலை. அந்த வேலையை உங்களிடம் கேட்காத ஆட்-ஆன், எவ்வளவு அழகாக இருந்தாலும், ஸ்பிட்ஃபயரின் சட்டையைப் போட்டுக்கொண்ட பயிற்சி விமானம்தான். ஆகவே, அசல் விமானம் என்ன கேட்டது என்பதை முதலில் தெரிந்துகொண்டு, ஆட்-ஆனும் அதையே கேட்கிறதா என்று ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டும். இதற்கு அசல் விமானத்தை ஓட்டிய அனுபவம் தேவையில்லை. நல்ல ஆவணங்களும் பொறுமையும் போதும்.

முதலில் ஆவணம்

போர்க்காலத்தில் பிரிட்டனின் ராயல் விமானப்படை தன் விமானிகளுக்குக் கொடுத்த கையேடுகளும், அமெரிக்க ராணுவ விமானப்படையின் பயிற்சிக் கையேடுகளும் இப்போது மின்வடிவில் எளிதில் கிடைக்கின்றன. வாங்க நினைக்கும் விமானத்தின் கையேட்டை முதலில் தேடி எடுங்கள். முழுவதையும் படிக்க நேரமில்லையென்றால் நான்கு இடங்களையாவது படியுங்கள்: எஞ்சின் வரம்புகளின் அட்டவணை, புறப்பாடு, ஸ்டால் (இறக்கை தூக்குவிசையை இழக்கும் நிலை) பற்றிய பத்தி, தடை செய்யப்பட்ட செயல்கள். இவற்றிலிருந்து ஒரு பக்க அளவில் குறிப்பெடுத்துக்கொண்டால் அதுவே உங்கள் அளவுகோல். எடுத்துக்காட்டாக, பி-51டி மஸ்டாங்கின் கையேடு புறப்பாட்டுக்கு 61 அங்குல மேனிஃபோல்டு அழுத்தத்தையும் (எஞ்சினுக்குள் செல்லும் காற்றின் அழுத்தம்) நிமிடத்துக்கு 3000 சுற்றுகளையும் மேல்வரம்பாகச் சொல்கிறது. 67 அங்குலம் வரை செல்லும் அவசரத் திறனை 5 நிமிடங்களுக்கு மேல் பயன்படுத்தக் கூடாது என்கிறது. புறப்படும் முன் ரடர் டிரிம்மை (வால் சுக்கானை ஒரு பக்கம் சாய்த்து வைத்துக் காலின் சுமையைக் குறைக்கும் கட்டுப்பாடு) வலப்பக்கம் 6 டிகிரி வைக்கச் சொல்கிறது. எண்ணெய் அழுத்தம் விழுந்துவிடும் என்பதால் தலைகீழாக 10 நொடிகளுக்கு மேல் பறக்கக் கூடாது என்றும் எச்சரிக்கிறது. இந்த நான்கு வரிகளை மட்டும் வைத்துக்கொண்டே ஒரு மஸ்டாங் ஆட்-ஆனைப் பற்றி நிறையத் தெரிந்துகொள்ளலாம்.

ஆவணத்தைத் தேடும்போதே தீர்த்துக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. ஆட்-ஆன் காட்டுவது 1944-இல் படைப்பிரிவில் நின்ற விமானத்தையா, அல்லது புதுப்பிக்கப்பட்டு இன்று கண்காட்சிகளில் பறக்கும் விமானத்தையா? இரண்டும் நியாயமான தெரிவுகளே. ஆனால் இவை வெவ்வேறு விமானங்கள். புதுப்பிக்கப்பட்டவற்றில் துப்பாக்கிகளும் கவசத்தகடும் பெரும்பாலும் இருக்காது என்பதால் எடை குறைவு. போர்க்கால உயர்தர எரிபொருள் இன்று கிடைக்காததாலும், அரிய எஞ்சினைக் காக்க வேண்டியிருப்பதாலும் அவற்றை முழு அவசரத் திறனில் ஓட்டுவதில்லை. நவீன ரேடியோவும் ஜிபிஎஸ் கருவியும் காக்பிட்டில் இருக்கலாம். தயாரிப்பாளர் எதைச் செய்திருக்கிறார் என்று தெளிவாகச் சொல்லியிருந்தால் அது நல்ல அறிகுறி. போர்க்கால வண்ணமும் இக்கால எடையும் கலந்து, எதையும் சொல்லாமல் விட்டிருந்தால் ஆய்வு மேலோட்டமாக நடந்திருக்கிறது என்று கொள்ளலாம். மார்க் எண்ணும், அதாவது விமானத்தின் வகைப் பதிப்பு எண்ணும், அவ்வாறே முக்கியம். ‘ஸ்பிட்ஃபயர்’ என்று மட்டும் சொன்னால் போதாது. எந்த மார்க், எந்த மெர்லின் எஞ்சின் என்பது தெரியாமல் எதையும் சோதிக்க முடியாது.

படங்களிலேயே கண்டுபிடிக்கக் கூடியவை

விற்பனைப் படங்கள் முற்றிலும் பயனற்றவை அல்ல. அழகைத் தேடாமல் கருவிகளின் முகப்புகளைப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். பிரிட்டிஷ் விமானத்தில் பூஸ்ட் (மேனிஃபோல்டு) அழுத்தம் சதுர அங்குலத்துக்குப் பவுண்டு அளவிலும், அமெரிக்க விமானத்தில் பாதரச அங்குலத்திலும், ஜெர்மன் விமானத்தில் ‘ஆட்டா’ என்னும் அலகிலும் இருக்கும். வேகமானியில் ஸ்பிட்ஃபயரும் மஸ்டாங்கும் மணிக்கு மைலிலும், மெஸ்ஸர்ஷ்மிட் 109 கிலோமீட்டரிலும், அமெரிக்கக் கடற்படையின் கோர்செர் ‘நாட்’ (மணிக்குக் கடல் மைல்) அலகிலும் காட்டும்.

கட்டுப்பாடுகளிலும் சில உடனே கண்ணில்படும். ஸ்பிட்ஃபயரின் ஃபிளாப் (இறக்கையின் பின்விளிம்பில் கீழே விரியும் மடல்) காற்றழுத்தத்தால் இயங்குவது. அதற்கு முழுமையாக மேலே, முழுமையாகக் கீழே என இரண்டே நிலைகள். இடைநிலைகள் கொண்ட ஸ்பிட்ஃபயரைக் கண்டால் அதன் உள்ளமைப்பு வேறெங்கிருந்தோ எடுத்து ஒட்டப்பட்டது என்று ஐயப்படலாம். மெஸ்ஸர்ஷ்மிட் 109-இன் ஜி வகையில் ஃபிளாப்பைக் கையால் சுழற்றும் பெரிய சக்கரம் இருக்கையின் இடப்பக்கம், டிரிம் சக்கரத்தை ஒட்டியே இருக்கும். அந்த வகையின் காக்பிட்டில் ரடர் டிரிம் கட்டுப்பாடு பொதுவாக இருப்பதில்லை. ஆகவே வேகம் மாறும்போதெல்லாம் காலால்தான் சரிசெய்ய வேண்டும். விசைப்பலகை வழியாகக்கூட ரடர் டிரிம் வேலை செய்யும் 109, அந்த விமானத்தின் முக்கியமான குணங்களில் ஒன்றை இழந்துவிட்டது.

சோதனைப் பறப்பு

மதிப்பீட்டின் மையம் இதுதான். வாங்கும் முன் முடியாவிட்டாலும், பணத்தைத் திரும்பப் பெறும் காலத்துக்குள்ளாவது இதைச் செய்துவிட வேண்டும். வானிலையைக் காற்றில்லாத, திட்ட வெப்பநிலை கொண்ட நாளாக அமைத்துக்கொள்ளுங்கள். சிமுலேட்டரின் உதவி அமைப்புகள் அனைத்தையும், குறிப்பாகத் தானியங்கி ரடர் உதவியை, அணைத்துவிடுங்கள். இதை மறந்துவிட்டு ஓட்டினால் எந்தத் தயாரிப்பும் சாதுவாகத் தெரியும். பல தவறான தீர்ப்புகள் இங்கேதான் பிறக்கின்றன.

தரையில் ஓடும்போதே சோதனை தொடங்கிவிடுகிறது. மஸ்டாங்கில் கட்டுப்பாட்டுத் தண்டைப் பின்னால் இழுத்து வைத்திருந்தால் வால் சக்கரம் இருபுறமும் 6 டிகிரி வரை மட்டும் ரடருடன் சேர்ந்து திரும்பும். தண்டை முன்னால் தள்ளினால்தான் விடுபட்டுச் சுழலும். ஸ்பிட்ஃபயரில் இத்தகைய பூட்டு இல்லை. தண்டின் பிடியிலுள்ள நெம்புகோலை அழுத்தி, எந்தப் பக்கம் ரடரை மிதிக்கிறோமோ அந்தப் பக்கச் சக்கரத்தில் பிரேக் பிடித்துத்தான் திரும்ப வேண்டும். அதிக நேரம் தரையில் நின்றால் குளிர்விப்புத் திரவத்தின் வெப்பம் ஏறிக்கொண்டே போகும். முன்னால் நீண்ட மூக்கு மறைப்பதால் வளைந்து வளைந்து ஓட்ட வேண்டியிருக்கும். ஓட்டப் பாதையில் சிரமமே இல்லாமல் நேராகச் சென்றுவிட்டால், அந்த ஆட்-ஆனின் தரைச் செயல்பாட்டில் உழைப்பு குறைவு என்று குறித்துக்கொள்ளலாம்.

அடுத்தது புறப்பாடு. விமானியின் இருக்கையிலிருந்து பார்க்கும்போது புரொப்பெல்லர் வலஞ்சுழியாகச் சுழன்றால், திறன் ஏற ஏற மூக்கு இடப்பக்கம் இழுக்கும். வாலைத் தூக்கும் நொடியில் ஜைரோஸ்கோப் விளைவால் அந்த இழுப்பு இன்னும் கூடும். மெர்லின் பொருத்திய ஸ்பிட்ஃபயர், மஸ்டாங், மெஸ்ஸர்ஷ்மிட் 109 ஆகியவை இவ்வாறு இடப்பக்கம் திரும்புபவை. கிரிஃபன் எஞ்சின் பொருத்திய ஸ்பிட்ஃபயர் மார்க் 14-இல் புரொப்பெல்லர் எதிர்த்திசையில் சுழல்வதால் அது வலப்பக்கம் இழுக்கும். பி-38 லைட்னிங்கின் இரு புரொப்பெல்லர்களும் ஒன்றுக்கொன்று எதிராகச் சுழல்வதால் இழுப்பு கிட்டத்தட்ட இல்லை. இந்த மூன்றையும் சரியாகச் செய்வது அடிப்படைத் தகுதி. நல்ல ஆட்-ஆன் அதற்கு மேலும் ஒரு படி போகும்: த்ராட்டிலை மெல்லத் திறந்தால் சமாளிக்கக் கூடியதாகவும், சட்டென்று திறந்தால் கைமீறிப் போவதாகவும் இருக்கும். கையேடு சொன்ன ரடர் டிரிம்மை வைத்தும் வைக்காமலும் இரண்டு முறை புறப்பட்டுப் பாருங்கள். காலில் வேறுபாடு தெரியாவிட்டால் அந்த டிரிம் சக்கரம் வெறும் அலங்காரம்.

ஸ்டால் சோதனையில் கவனமாக இருக்க வேண்டும். போர் விமானம் என்றால் கொடூரமாகக் கவிழ வேண்டும் என்ற எதிர்பார்ப்பு பலரிடம் இருக்கிறது; சில தயாரிப்பாளர்களும் அதற்கு இணங்கி, எல்லா விமானங்களையும் முரட்டுத்தனமாக ஆக்கிவிடுகிறார்கள். கடினமாக இருப்பதும் உண்மையாக இருப்பதும் ஒன்றல்ல. ஸ்பிட்ஃபயரின் இறக்கை, முனையை நோக்கிச் செல்லச் செல்லச் சற்றே கீழ்நோக்கி முறுக்கப்பட்டது. அதனால் உட்பகுதி முதலில் காற்றை இழந்து, ஸ்டாலுக்கு முன்பே உடலெங்கும் அதிர்வு தெரியும். எய்லரான்கள் (விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் இறக்கை மடல்கள்) கடைசிவரை ஓரளவு பதில் சொல்லும். அந்த அதிர்வின் விளிம்பிலேயே இறுக்கமாகத் திரும்ப முடிவதுதான் அதன் பெருமை. இதற்கு நேரெதிராக, ஃபோக்கே-வுல்ஃப் 190 எச்சரிக்கை அதிகம் தராமல், திருப்பத்தில் திடீரென்று ஓர் இறக்கை விழப் புரண்டுவிடும். கோர்செரின் இடது இறக்கை தரையிறங்கும் வேகத்தில் முதலில் விழும் பழக்கம் கொண்டிருந்ததால், வலது இறக்கையின் முன்விளிம்பில் சிறிய பட்டை ஒன்றைப் பொருத்தி இரு பக்கத்தையும் சமப்படுத்தினார்கள். ஆகவே அந்தப் பட்டை இல்லாத தொடக்க கால கோர்செரும் பட்டையுள்ள பிந்தைய கோர்செரும் ஒரே மாதிரி ஸ்டால் ஆகக் கூடாது. மெஸ்ஸர்ஷ்மிட் 109-இல் இறக்கையின் முன்விளிம்புச் சிறகுகள் காற்றழுத்தத்தால் தாமாகவே, ஒவ்வொரு பக்கமும் தனித்தனியே திறக்க வேண்டும். வெளிப்புறக் காட்சியில் இரண்டும் எப்போதும் ஒரே நொடியில் திறந்து மூடினால் அது அசைவுப்படம் மட்டுமே.

எதிர்மறை ஜி (மூக்கைச் சட்டென்று குனிக்கும்போது எல்லாம் மேல்நோக்கித் தள்ளப்படும் நிலை) சோதனை எனக்கு மிகவும் பிடித்தது; ஏனெனில் ஒரு நொடியில் தயாரிப்பாளரின் ஆய்வை வெளிப்படுத்திவிடும். தொடக்க கால மெர்லினின் மிதவைக் கார்புரேட்டரில், தண்டை முன்னால் தள்ளினால் எரிபொருள் தடைபட்டு எஞ்சின் இருமும். 1941-இல் பொறியாளர் பியாட்ரிஸ் ஷில்லிங் உருவாக்கிய எளிய தடுப்புத் தகடு இந்தக் குறையை வெகுவாகக் குறைத்தது. ஸ்பிட்ஃபயர் மார்க் 9-இன் மெர்லின் 66 போன்ற பிந்தைய எஞ்சின்களின் கார்புரேட்டருக்கு இந்தத் தொல்லை இல்லை. மெஸ்ஸர்ஷ்மிட் 109-இன் எஞ்சினில் எரிபொருள் நேரடியாகச் செலுத்தப்பட்டதால் தொடக்கத்திலிருந்தே இல்லை. 1942-இல் அலூஷியன் தீவுகளில் கைப்பற்றப்பட்ட ஜப்பானிய ஜீரோ போர் விமானத்தைச் சோதித்த அமெரிக்கர்கள், அதன் எஞ்சினும் எதிர்மறை ஜி-யில் நின்றுபோவதையும், அதிக வேகத்தில் அதன் எய்லரான்கள் இறுகிவிடுவதையும் கண்டார்கள். ஸ்பிட்ஃபயர் மார்க் 1 இருமாமல் போனாலோ, மார்க் 9 இருமினாலோ, யாரோ கையேட்டைப் படிக்காமல் வேலை செய்திருக்கிறார்கள்.

பி-38 வாங்குகிறவர் 25,000 அடிக்கு மேலிருந்து செங்குத்தாகப் பாய்ந்து பார்க்க வேண்டும். ஒலி வேகத்தை நெருங்கும்போது கட்டுப்பாடுகள் இறுகி, மூக்கு இன்னும் உள்ளே குனிய வேண்டும். அடர்த்தியான கீழ்க்காற்றில்தான் மீட்சி கிடைக்க வேண்டும். பாய்ச்சலிலிருந்து மீள உதவும் சிறப்பு ஃபிளாப்கள் பிந்தைய எல் வகையில் உண்டு என்பதால், அவற்றை விரித்தபோது நடத்தை மாற வேண்டும். மஸ்டாங்கில் இருக்கைக்குப் பின்னுள்ள 85 கேலன் தொட்டியை நிரப்பிக்கொண்டு இறுக்கமாகத் திரும்பிப் பாருங்கள். எடை மையம் பின்னால் நகர்வதால் விமானம் தானாகவே திருப்பத்தை இறுக்க முனையும். அதைத் தடுக்கத் தண்டை முன்னால் தள்ள வேண்டியிருக்கும். எரிபொருளின் எடை இருக்குமிடம் பறப்பை மாற்றாத மஸ்டாங் முழுமையானதல்ல.

வேகத்தை ஒப்பிடும்போது உண்மை வேகத்தையும் கருவி காட்டும் வேகத்தையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. பி-51டி-க்குப் பரவலாகச் சொல்லப்படும் மணிக்கு 437 மைல் என்பது ஏறத்தாழ 25,000 அடியில் உண்மை வேகம். அங்கே வேகமானி 300 மைலை ஒட்டித்தான் காட்டும். ஒரே ஓர் உயரத்தில் சரியாக வருவது போதாது. தரை மட்டத்திலும் நடு உயரத்திலும்கூட அளந்து பாருங்கள். உச்ச எண்ணை மட்டும் பொருத்திவிட்டு மற்றதைக் கைவிட்ட ஆட்-ஆன்கள் அங்கே அகப்படும்.

எஞ்சின் உயிருள்ளதா?

இரண்டு வேக சூப்பர்சார்ஜர் (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) கொண்ட மெர்லின், ஏறிக்கொண்டே போகும்போது திறனை மெல்ல இழந்து, வேக மாற்றம் நிகழும் உயரத்தில் ஒரு துள்ளலுடன் மீட்டுக்கொள்ளும். மெஸ்ஸர்ஷ்மிட்டின் டெய்ம்லர்-பென்ஸ் எஞ்சினில் சூப்பர்சார்ஜரின் வேகம் திரவ இணைப்பின் வழியே படிப்படியாகக் கூடுவதால் அந்தத் துள்ளல் இல்லை. இரண்டையும் ஒரே வளைகோட்டில் வைத்திருக்கும் தயாரிப்பாளர் எஞ்சினை உருவாக்கவில்லை, எண்களை நிரப்பியிருக்கிறார். எளிமையைக் கண்டு குறையாகவும் நினைத்துவிடக் கூடாது. ஃபோக்கே-வுல்ஃப் 190-இன் பிஎம்டபிள்யூ எஞ்சினில் கலவை, புரொப்பெல்லர் கோணம், சூப்பர்சார்ஜர் வேகம் ஆகிய அனைத்தையும் ஒரே கருவி தானே கவனித்துக்கொண்டது. விமானிக்கு நெம்புகோல் ஒன்றுதான். பி-47 தண்டர்போல்ட்டிலோ டர்போவையும் (எஞ்சினின் வெளியேறும் புகையால் இயங்கும் சூப்பர்சார்ஜர்) சேர்த்துக் கவனிக்க வேண்டும். ஸ்பிட்ஃபயர் மார்க் 5-இல் ரேடியேட்டர் மடலை விமானியே இயக்கினார். மார்க் 9-இல் அது தானியங்கி.

அவசரத் திறனை வைத்து ஒரு நல்ல சோதனை செய்யலாம். கையேட்டின் 5 நிமிட வரம்பு எஞ்சினின் ஆயுளைக் காக்கப் போடப்பட்டது; 301-ஆவது நொடியில் எஞ்சின் உடையும் என்று அதற்குப் பொருளில்லை. கடிகாரத்தைப் பார்த்து எஞ்சினைக் கொல்லும் ஆட்-ஆன் சோம்பலான வேலை. வெப்பம், எண்ணெயின் நிலை, முந்தைய பறப்புகளின் தேய்மானம் ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்து, சில நாள் பொறுத்தும் சில நாள் முரண்டும் பிடிப்பதே உண்மைக்கு அருகில் இருக்கிறது. ஏ2ஏ நிறுவனம் தன் ‘அக்யு-சிம்’ விமானங்களில் இத்தகைய தேய்மானத்தை ஒரு பறப்பிலிருந்து அடுத்த பறப்புக்குக் கொண்டுசெல்லும் முறையைப் பல ஆண்டுகளுக்கு முன்பே பழக்கப்படுத்தியது. அத்தகைய நினைவு ஒரு விமானத்துக்கு இருந்தால், நீங்கள் அதைக் கவனித்து ஓட்டத் தொடங்குவீர்கள். என் மதிப்பீட்டில் வேறெந்த வசதியையும்விட இதற்கு அதிக விலை கொடுக்கலாம்.

தோற்றமும் ஒலியும்

இவற்றைச் சுருக்கமாகப் பார்த்தால் போதும். மஸ்டாங் இறக்கையின் முன்பகுதியில் ஆணித்தலைகளையும் இணைப்புகளையும் மெழுகி நிரப்பி வண்ணம் பூசியிருந்தார்கள்; அங்கே ஆணிகள் துருத்திக்கொண்டு மின்னினால், கண்ணைக் கவர்வதற்காகச் செய்த வேலை. தொடக்க கால பி-51டி-யில் வாலுக்கு முன்னுள்ள முதுகுத் துடுப்பு இல்லை என்பதால், வண்ணத் திட்டமும் உடலமைப்பும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றனவா என்று பாருங்கள். ஒலியைப் பொறுத்தவரை எஞ்சினைத் தொடங்கும் விதமே நல்ல அடையாளம். மெஸ்ஸர்ஷ்மிட் 109-இல் தரைப் பணியாளர் கைப்பிடியைச் சுழற்ற, சுழல் சக்கரத்தின் ஓலம் மெல்ல உயர்ந்து, அதன்பிறகே எஞ்சின் பற்றும். மஸ்டாங்கில் மின் ஸ்டார்ட்டர் நேரடியாகச் சுழற்றும். இரண்டும் ஒரே ஒலியோடு தொடங்கினால் வேறு ஒலிகளையும் ஐயத்தோடு கேளுங்கள்.

விலைக்கு ஏற்ற மதிப்பு

தரம் தெரிந்த பிறகுதான் விலையைப் பற்றிப் பேச முடியும். எந்த சிமுலேட்டருக்காக வாங்குகிறீர்கள் என்பது இங்கே முடிவை மாற்றும். போர் சிமுலேட்டரான டிசிஎஸ் வேர்ல்டில் ஆயுதங்களும் சேதமும் விலையில் அடங்கும். போரில் ஆர்வமில்லாதவருக்கு அந்தப் பகுதி வீண். மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டரில் போர் கிடையாது. ஆகவே அங்கே வாங்கும் விமானம் பறப்பிலும் எஞ்சினிலும் தன் விலையை நியாயப்படுத்த வேண்டும். எக்ஸ்-பிளேன் சிமுலேட்டர் புரொப்பெல்லரையும் இறக்கையையும் துண்டு துண்டாகப் பிரித்து விசைகளைக் கணக்கிடுகிறது என்பது உண்மைதான். ஆனால் வடிவத்தையும் எடையையும் தயாரிப்பாளர் தவறாகக் கொடுத்தால் அந்தக் கணக்கும் தவறாகவே வரும். மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டரின் 2020 பதிப்புக்காக வாங்கிய விமானம் 2024 பதிப்பில் முழுமையாக இயங்குமா, மேம்பாட்டுக்குத் தனிக் கட்டணம் உண்டா என்பதை வாங்கும் முன்பே தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

பணம் கொடுக்காமல் சோதிக்கும் வழிகளும் உள்ளன. டிசிஎஸ் வேர்ல்டுடன் ஆயுதமற்ற டிஎஃப்-51டி மஸ்டாங் இலவசமாகவே வருகிறது. மேலே சொன்ன மஸ்டாங் சோதனைகளை அதில் செய்து பழகிக்கொண்டால், வேறு மஸ்டாங்குகளை ஒப்பிடக் கையில் ஓர் அளவுகோல் இருக்கும். அதே சிமுலேட்டரின் தனிப்பதிப்பில் (தயாரிப்பாளரிடமிருந்து நேரே பெறுவது) பெரும்பாலான விமானங்களை 14 நாட்கள் இலவசமாக ஓட்டிப் பார்க்கலாம். ஸ்டீம் இணையக் கடையில் வாங்கிய கூடுதல் உள்ளடக்கத்தைப் பொதுவாக 14 நாட்களுக்குள், வாங்கிய பின் மூல சிமுலேட்டரை 2 மணி நேரத்துக்கும் குறைவாக ஓட்டியிருந்தால், திருப்பித் தரலாம். இரண்டு மணி நேரம் விரைவில் கரைந்துவிடும் என்பதால், சோதனைப் பட்டியலை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

முழுமை பெறாமல் முன்னோட்ட நிலையில் விற்கப்படும் விமானங்களுக்கு, இன்று அதில் இருப்பவற்றின் மதிப்பை மட்டும் கணக்கிடுங்கள். வரவிருப்பதாகச் சொல்லப்படும் வசதிகளுக்கு மதிப்பெண் தர வேண்டாம். தயாரிப்பாளரின் பழைய விமானங்களின் மாற்றப் பதிவுகளைப் படித்தால், விற்றுவிட்டுப் போகிறவரா, ஆண்டுகள் கழித்தும் பிழை திருத்துகிறவரா என்பது தெரிந்துவிடும். வெளியான ஓரிரு நாட்களில் வரும் மதிப்புரைகள் பெரும்பாலும் தோற்றத்தையே பேசும். சில மாதங்கள் கழித்து, அதே விமானத்தைத் தொடர்ந்து ஓட்டுகிறவர் எழுதியதைத் தேடுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் இரண்டு தயாரிப்புகளுக்கு இடையே தயக்கம் இருந்தால், இருவருக்கும் ஒரே கேள்வியை எழுதிக் கேளுங்கள்: உங்கள் ஸ்பிட்ஃபயரில் உள்ளது எந்த மெர்லின், எதிர்மறை ஜி-யில் அது எப்படி நடந்துகொள்ளும், அதற்கு எந்த ஆவணத்தைப் பின்பற்றினீர்கள்? ஆர்வத்தோடு விவரமாகப் பதில் எழுதுகிறவரின் விமானத்தை வாங்குங்கள்.